பவுனால் ஒரு ஈடு, சம்பளத்தால் ஒரு ஈடு

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத் தரகர்கள் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார்கள். அக்காவுக்கு வரன் தேடிய வருஷத்தில் அப்படி ஒரு நோட்டைத் திண்ணையில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் பெயர், நட்சத்திரம், வயது, படிப்பு, அதற்கடுத்து நிறம். சிவப்பு, நல்ல நிறம், எலுமிச்சை நிறம், மாநிறம் என்று நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கருப்பு என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை. கருப்பான பெண் என்றால் 'மாநிறம், களையான முகம்' என்று எழுதியிருந்தார். ஆண்கள் பக்கத்தில் வேலை, சம்பளம், சொந்த வீடு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், உயரம். நிறத்துக்கு அங்கே இடமே விடவில்லை.

அக்கா மாநிறம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாம் பிடிச்சிருக்குங்க. நிறந்தான் கொஞ்சம் கம்மின்னு அந்தம்மா நினைக்கிறாங்க. ஒரு பத்து பவுன் கூடப் போட்டீங்கன்னா முடிச்சிடலாம்." அப்பா கடன் வாங்கிப் போட்டார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் நிறத்துக்காகக் கேட்கும் இந்தக் கூடுதல் பவுனை யாரும் வரதட்சணை என்று சொல்வதில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க போடுறீங்க" என்றுதான் சொல்வார்கள்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அக்காவைவிடக் கருப்பு. அவருக்கு வங்கியில் வேலை. அவருடைய நிறத்தைப் பற்றிப் பெண் வீட்டுக்காரர்கள் ஒரு பேச்சும் எடுக்கவில்லை. சித்தி மகன் கதை வேறு. நல்ல நிறம், நல்ல உயரம். இருபத்தாறு வயதில் முன்மண்டை ஏற ஆரம்பித்தது. ஒரு தனியார் கம்பெனியில் மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வேலை. ஆறு வருஷம் வரன் அமையவில்லை. "பையன் நல்ல பையன்தான், வயசு ஜாஸ்தியாத் தெரியுது" என்று திருப்பி அனுப்பினார்கள். அதே அளவு வழுக்கையோடு அமெரிக்காவில் வேலை பார்த்த இன்னொரு உறவுக்காரப் பையனுக்கு மூன்றே மாதத்தில் நிச்சயமானது.

தோற்றம் பற்றிய அழுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா, வேறா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். யாருக்கு அதிகம் என்று கேட்டால், பெண்ணுக்கு என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அளவை மட்டும் பார்த்தால் விஷயம் பாதிதான் புரியும். தோற்றத்தில் ஒரு குறை இருப்பதாக ஊர் முடிவுசெய்துவிட்டால், அதற்கு எதை ஈடாகக் கொடுக்கிறோம், அதைக் கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். அக்காவின் நிறத்துக்கு ஈடு பவுன், கொடுத்தது அப்பா. அண்ணனின் நிறத்துக்கு ஈடு அவர் சம்பளம்; அது அவரே சம்பாதித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் அவரிடமே இருந்தது. சித்தி மகனிடம் ஈடாகக் கொடுக்க எதுவும் இல்லை.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டுப் பழகிவிட்டோம். லட்சணம் என்பது உடம்பைப் பார்த்துச் சொல்லும் சொல். "பொண்ணு லட்சணமா இருக்கா" என்றால் மூக்கும் முழியும் பற்றிய பேச்சு. அதே சொல்லை ஆணுக்குச் சொல்லும்போது அது அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. ஆணின் அழகு அவன் வேலையில் இருக்கிறது என்பது வேலையில் இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய சலுகையோ, வேலை இல்லாதவனுக்கு அவ்வளவு பெரிய அடி. அவனுக்கு லட்சணமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

நிறம் பற்றிய இந்த ஆசை தமிழர்களிடம் ஆதியிலிருந்தே இப்படி இருந்தது என்று சிலர் சொல்வார்கள். சங்கப் பாடல்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மாந்தளிர் போன்ற 'மாமை' நிறம் அங்கே பெண்ணின் அழகு. தலைவனைப் பிரிந்த துயரில் அந்த நிறம் வெளுத்துப் பசலை படர்வதுதான் அழகு போவதற்கு அடையாளம். இன்றைக்கு நாம் வெளுப்பை நாடிக் களிம்பு வாங்குகிறோம். குறுந்தொகைத் தலைவி வெளுத்துப்போனேன் என்று அழுகிறாள். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சாதியும், நிழலில் இருப்பவர், வெயிலில் உழைப்பவர் என்ற பிரிவும், வெள்ளைக்கார ஆட்சியும் சேர்ந்து இதைப் புரட்டிப்போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'சிவப்பு' என்று நாம் சொல்வதுகூட வெளுப்பைத்தான். குங்குமப்பூ போட்ட பாலைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதிலிருந்தே கணக்குத் தொடங்கிவிடுகிறது. பிறந்தது ஆண் என்றால், "கருப்பா இருந்தா என்ன, ஆம்பளப் புள்ளதானே" என்று யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்கள். பெண் குழந்தை என்றால் அந்த வாக்கியத்தின் பின்பாதி கிடைக்காது.

இந்த மண்ணில்தான் 1975-ல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பைக் கொண்டுவந்தது. பிறகு வந்த முப்பது வருஷ விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். கதை எப்போதும் ஒன்றுதான்: பெண் கருப்பு, அதனால் வரன் தட்டுகிறது அல்லது வேலை கிடைக்கவில்லை, களிம்பு பூசுகிறாள், எல்லாம் கிடைக்கிறது. ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று வருந்தும் அப்பாவின் பேச்சைக் கேட்ட மகள், களிம்பு பூசி நிறம் ஏறி, விமானப் பணிப்பெண் ஆகி வீட்டைக் காப்பாற்றுவாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இந்த விளம்பரங்களை எதிர்த்து விடாமல் போராடியது. 2003-ல் அவற்றை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2009-ல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கப் பேச்சானது. கருப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாகவோ வருத்தத்தில் இருப்பவர்களாகவோ விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி போட்டது. 2020-ல் அமெரிக்காவில் கருப்பின மக்களின் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று எழுந்த போராட்டம் உலகெங்கும் பரவியபோது, களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. அதே வருஷம் ஜூன் மாதம் ஷாதி டாட் காம் தளம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது.

இதில் ஆண்கள் எங்கே வருகிறார்கள்? 2005-ல் வருகிறார்கள். இமாமி நிறுவனம் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்று ஆண்களுக்கென்றே ஒரு களிம்பை இறக்கியது. பிறகு ஷாருக் கான் அதற்கு விளம்பரத் தூதர் ஆனார். அந்த விளம்பரங்கள் பேசிய விதத்தைக் கவனிக்க வேண்டும். பெண்களின் களிம்பை ஒளிந்து பூசுகிறாயே, ஆண் இல்லையா நீ என்று கேட்டார்கள். பெண்ணிடம் 'நீ பூசாவிட்டால் வாழ்க்கை இல்லை' என்று பயமுறுத்திய தொழில், ஆணிடம் 'நீ பூசுவது தெரிந்தால் மானம் போகும், அதனால் ஆண் என்று எழுதிய டப்பாவை வாங்கு' என்றது. அதுவரை எத்தனையோ பையன்கள் அக்கா, தங்கை டப்பாவில் கைவிட்டுத்தான் பூசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் விடுதியிலும் அது நடந்தது. யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

டெல்லியில் ஒருவர் அந்த ஆண் களிம்பை 79 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடி பூசியும் நிறம் மாறவில்லை என்று 2013-ல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2024 டிசம்பரில் மன்றம் அந்த விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லி, நிறுவனம் சுமார் 15 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு ஆண் வெளிப்படையாக வந்து 'நான் பூசினேன், சிவக்கவில்லை' என்று சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பதினோரு வருஷம் அதற்காக அலைவதற்கு, தன் ஆசையை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளும் துணிச்சல் வேண்டும்.

களிம்பு வெறும் காசுச் செலவாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அரிப்பு, தோல் அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு களிம்பை முகம் வெளுக்கும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருஷக்கணக்காகப் பூசுகிறவர்கள் நிறைய. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும். அதனால் நிறுத்தவும் முடியாது. இப்படிக் கெட்ட முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்களே தனியாக ஒரு நோய்ப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. பாதரசம் கலந்த களிம்புகள் இதைவிட மோசம். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒரே மாதிரியான சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறத்துக்கான களிம்பு பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகம்வரை போயிருக்கிறது.

வேலை இடத்துக்கு வருவோம். அந்த விளம்பரத்து மகள் ஏன் விமானப் பணிப்பெண் ஆனாள்? பெண்ணின் தோற்றத்தைச் சம்பளத்தோடு நேரடியாக முடிச்சுப் போட்ட வேலை அது. ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். சேர்ந்த நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும். முதல் கர்ப்பத்திலும் போகும். அதே விமானத்தில் அதே மாதிரி வேலை பார்த்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. 1981-ல் நர்கீஸ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை அடித்தது. 35-க்கு மேல் யாருக்கு நீட்டிப்புத் தருவது என்று நிர்வாக இயக்குநர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும் அதிகாரத்தையும் அடித்தது. உடல் தகுதி இருந்தால் 45 வயதுவரை நீட்டிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. கல்யாண விதியை அப்படியே விட்டுவிட்டது. 2009-ல்கூட எடை கூடியதாகச் சொல்லிப் பணிப்பெண்கள் சிலரை அதே நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியது. துணிக்கடை, நகைக்கடை வாசலில் தொங்கும் 'நல்ல தோற்றமுள்ள பெண்கள் தேவை' பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'நல்ல தோற்றமுள்ள கணக்கர் தேவை' என்று ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆணின் உடம்பை அரசாங்கமே டேப் வைத்து அளக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு காவல் துறைத் தேர்வில் ஆணுக்கு 170 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பளவு 81, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பெண்ணுக்கு உயரம் மட்டும், 159 அல்லது 157. ஒரு சென்டிமீட்டரில் தவறிவிட்டு மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து அழுத பையனை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த அளவை ஒரு தேர்வு என்று எல்லோருக்கும் தெரியும், விதி எழுத்தில் இருக்கிறது, தவறினால் வேறு வேலை தேடலாம். பெண்ணுக்கு எதிராக இருக்கும் அளவுகோலை யாரும் எழுதி வைப்பதில்லை. அது எல்லா வாசலிலும் நிற்கிறது.

சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்த கதைதான். ரஜினிகாந்த், விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி என்று கருப்பான நாயகர்களைத் தமிழ் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது. ஆனால் அவர்களுக்கு ஜோடியாக வந்தவர்களில் அதே நிறத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். வெளுப்பான நாயகிகளை மும்பையிலிருந்து அழைத்து வந்து டப்பிங் குரல் கொடுத்தோம். 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் நாயகியின் மனத்தைப் பிடிக்க நாயகன் வெள்ளையாக முயல்வது நகைச்சுவைப் பகுதி. கருப்பான ஆண் நிறம் மாறப் பாடுபடுவது நமக்குச் சிரிப்பு. ஒரு பெண் அதையே செய்வதாகக் காட்டினால் அது சோகக் காட்சி. ஏனென்றால் அவனுக்கு அது விளையாட்டு, அவளுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை என்று நாமே முடிவுசெய்து வைத்திருக்கிறோம். வயது விஷயமும் இப்படித்தான். 2011-ல் அஜித் நரைத்த தலையோடு நடித்ததும் 'சால்ட் அண்ட் பெப்பர்' ஸ்டைல் என்று பையன்கள் கொண்டாடினார்கள். திரைக்கு வெளியே ரஜினி வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக மேடை ஏறுகிறார். கைதட்டல் குறைவதே இல்லை. நரையை மறைக்காமல் ஒரு நாயகி மேடை ஏறினால் மறுநாள் அதுதான் செய்தி.

சரி, அப்படியானால் ஆண்களுக்குப் பெரிய பாரம் இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. 2016-ல் ஏப்ரல், மே என்று அடுத்தடுத்த மாதங்களில் நடந்த இரண்டு சம்பவங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஹைதராபாத்தில் 5 அடி 7 அங்குலம் இருந்த ஒரு இளைஞர், பெற்றோருக்குச் சொல்லாமல் மருத்துவமனையில் சேர்ந்து, உயரம் கூட இரண்டு கால் எலும்பையும் வெட்டி நீட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மகனைக் காணவில்லை என்று தேடிய வீட்டுக்காரர்கள் அவரைக் கட்டுப்போட்ட காலோடு பார்த்தார்கள். நம் நாட்டுச் சராசரிக்கு அவர் குள்ளமே இல்லை. அடுத்த மாதம் சென்னையில், இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போய், மயக்க மருந்துக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். 22 வயது. மருத்துவம் படித்தவருக்கே முடி கொட்டுவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அந்த வயதில் அது எவ்வளவு பெரிய வலியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2024-ல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த இளைஞர் ஒருவரும் இறந்தார்.

வழுக்கைக்கு மருந்து இருக்கிறது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்து 1988-ல் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபினாஸ்டரைட் புராஸ்டேட் சுரப்பிக்காக வந்து, 1997-ல் முடிக்கு வந்தது. இரண்டையுமே நிறுத்தினால் பலன் நின்றுவிடும். அதனால் இருபத்தைந்து வயதில் தொடங்கினால் வருஷக்கணக்கில் செலவு. ஃபினாஸ்டரைட் சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும். கல்யாணத்துக்காக மருந்து எடுத்து, கல்யாண வாழ்க்கைக்கே பயப்படும் நிலைமை. இதை நண்பனிடம்கூடச் சொல்ல முடியாது.

ஜிம் கதையும் சொல்ல வேண்டும். நம் தாத்தாக்கள் தண்டால் எடுத்தார்கள், சிலம்பம் சுற்றினார்கள். அது உடம்பின் வலுவுக்கு. இன்று 'சிக்ஸ் பேக்' என்பது கண்ணாடிக்கு. எவ்வளவு தசை ஏறினாலும் தான் ஒல்லி என்றே நினைத்துத் தவிக்கும் மனநிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் உடனிருந்தவர்களும் 1997-ல் தனிப் பெயர் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படுவது அது. ஊசி மூலம் ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்ளும் பையன்களுக்குப் பருவும், விரை சுருங்குவதும், இதயக் கோளாறும் வரலாம். வழுக்கை மரபில் இருந்தால் அது சீக்கிரமே வந்துவிடும்.

தன் தோற்றத்தில் இல்லாத குறையைப் பெரிதாக நினைத்து நாள் முழுக்க அதிலேயே உழலும் மனக்கோளாறு ஒன்று உண்டு. அது பெண்களின் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆய்வுகளில் ஆண், பெண் விகிதம் கிட்டத்தட்டச் சமமாகவே வருகிறது. கவலைப்படும் இடம்தான் வேறு: பெண்களுக்குத் தோல், எடை, இடுப்பு, ஆண்களுக்குத் தலைமுடி, தசை, பிறப்புறுப்பு. சிகிச்சைக்கு வராமல் தோல் மருத்துவரிடமும் முடி நிலையத்திலும் சுற்றிக்கொண்டிருப்பது இரு தரப்பிலும் உண்டு. உள்ளுக்குள் வலி சமமாக இருக்கலாம் என்பதை இது எனக்குக் காட்டியது. வெளியே கட்ட வேண்டிய விலைதான் சமமில்லை.

எடையையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஆணுக்குத் தொப்பை விழுந்தால், "வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல" என்று மனைவியைப் பாராட்டுவார்கள். பெண்ணுக்கு உடம்பு பெருத்தால், பிரசவம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையிலும், "ஏன் இப்படி விட்டுட்ட?" என்று கேட்பார்கள். கேட்பது மாமியார் மட்டும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், வளையல் கடைக்காரர் கேட்பார்.

பேச்சு வரும் விதத்திலேயே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பெண்ணுக்குக் குறை அறிவுரையாக வரும்: கடலைமாவு போடு, வெயில்ல போகாத, ராத்திரி சோறு சாப்பிடாத, இந்தக் கலர் புடவை உனக்கு எடுக்காது. சொல்கிறவர் பாசத்தோடுதான் சொல்கிறார். அதனால் எதிர்த்துப் பேச முடியாது, தலையாட்ட வேண்டும். ஆணுக்குக் குறை கேலியாக வரும்: சொட்டை, குள்ளன், ஒல்லிக்குச்சி, டேங்கர். வைத்த பட்டப்பெயர் பத்தாம் வகுப்பிலிருந்து கல்யாண மேடைவரை கூடவே வரும். அவன் சேர்ந்து சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் அதற்கும் ஒரு கேலி. அவளுக்குத் தப்பிக்க வழியில்லை, அவனுக்குச் சொல்லிக்கொள்ள இடமில்லை.

2024-ல் வடக்கே ஒரு மாநிலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் வாங்கிய மாணவியின் படம் செய்திகளில் வந்தது. அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், முகத்தில் இருந்த முடியைப் பற்றி இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். ஆதரவு தருகிறோம் என்று ஒரு சவரக்கருவி நிறுவனம் முழுப்பக்க விளம்பரம் வேறு கொடுத்தது. படிப்பு, பதவி, பதக்கம் எது வந்தாலும் பெண்ணுக்கு அது தோற்றத்தின் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. முதலிடம் வாங்கிய ஒரு பையனின் பருவையோ பல்லையோ பற்றி ஒரு ஊரே பேசி நான் கேட்டதில்லை.

அதே நேரம் ஆணின் ஈடும் ஆட்டம் காண்கிறது. அரசு வேலையும் வங்கி வேலையும் சுருங்கிவிட்டன. பெண்கள் படித்துச் சம்பாதிக்கிறார்கள். தன் சம்பளம் தன்னிடம் இருக்கும் பெண், பையனின் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தலையாட்ட வேண்டிய கட்டாயத்தில் இல்லை. அவள் அவன் முகத்தையும் பேச்சையும் பார்க்கிறாள். அது நியாயமானது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம். ஆனால் அவள் பக்கத்துக் கணக்கு குறையாமல் அவன் பக்கத்தில் புதிதாக ஒன்று ஏறுகிறது. சம்பாதிக்கும் பெண்ணிடமும் நிறம் கேட்பது நிற்கவில்லை, பவுன் கேட்பதும் நிற்கவில்லை. இன்ஸ்டாகிராம் நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வு 2021-ல் வெளியானபோது, தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், அந்தச் செயலி அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தது தெரிந்தது. அமெரிக்கப் பையன்களில் 14 சதவீதம் பேர் அதனால் தங்களைப் பற்றியே தாழ்வாக நினைத்ததாகச் சொன்னார்கள். கேட்ட கேள்விகள் வேறு வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அந்த இரண்டாவது எண், அந்தப் பையன்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்று.

அக்காவுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது அம்மா ஸ்டுடியோக்காரரிடம், "கொஞ்சம் லைட் ஏத்தி எடுங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவள் பொறியியல் படித்து வேலையில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு அவள் படத்தை அனுப்ப வேண்டியிருந்தது. வீடே அவள் போனைச் சுற்றி நின்றது. இந்தப் படத்தில் கழுத்து கருப்பாத் தெரியுது, இதில் கன்னம் உப்பியிருக்கு, ஃபில்டர் போட்டு எடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவர்களில் அக்காவும் ஒருத்தி. அந்தப் பெண்ணின் தம்பி, கல்லூரியில் கடைசி வருஷம், ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது மாடிப்படியில் வெளிச்சம் தெரிந்தது. அவன் அதே ஃபில்டரைப் போட்டு, முன்மண்டை தெரியாமல் போனைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.